சாதுவை யாரிடம் ஒப்படைப்பது?

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாத காலம் வெளியூர் போவது இந்நாளில் அவ்வளவு பெரிய காரியமல்ல. பாலை நிறுத்தச் சொல்லலாம். பத்திரிகையை நிறுத்தச் சொல்லலாம். தோட்டத்து மாமரங்கள் நாம் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் இஷ்டப்படியேதான் காய்க்கின்றன. நம் வீட்டு விசைத்தறிகள் இரண்டையும் பங்காளி ஒருவர் தம் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஓட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். புனாவிலிருந்து மாப்பிள்ளை டெலிபோனில் பேசி முடித்த கால் மணி நேரத்துக்குள் இவ்வளவும் தீர்மானமாகிவிட்டது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பதுதான் வழக்கம். ஆனால் நம் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதால் அவள் ரயிலேறக் கூடாது என்று அந்த ஊர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து ஒரு மாதமாவது இருக்கவேண்டும், மாமா" என்றார் மாப்பிள்ளை. பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

டெலிபோனைக் கீழே வைத்ததும் நம் சகதர்மிணி நம்மைப் பார்த்தாள். நாம் கொல்லைப்புறத்தைப் பார்த்தோம். கொல்லைப்புறத்திலிருந்து சாது எங்கள் இருவரையும் பார்த்தான்.

நேயர்களுக்குச் சாதுவை அறிமுகப்படுத்தவேண்டியது அவசியம். (நாயை 'அது' என்று சொல்வதுதான் இலக்கணம். ஆனால் அப்படிச் சொன்னால் நம் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஆகையால் இந்தக் கட்டுரை முழுவதிலும் 'அவன்' தான்.) ஐந்து வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழை நாளில், ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் போகும் சாலையோரத்துப் பள்ளத்தில், தண்ணீரில் பாதி முழுகிக் கிடந்த குட்டி அவன். அப்போது மூன்று மாதமிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துவிட்டதும், ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டு, இரண்டு நாள் சத்தமே போடவில்லை. "பாவம், சாது!" என்றாள் நம் பெண். பெயர் நிலைத்துவிட்டது.

உடம்பு செம்பழுப்பு, மூஞ்சி கறுப்பு. தேனி ஜில்லாவிலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் ஜாதி நாயின் இரத்தம் இவனிடம் ஓடுகிறது என்று நாய் தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். வேறு சிலர், சோளிங்கர்ச் சாலை இரத்தத்தைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை என்றார்கள். எப்படியானாலும் முன்காலத்தில் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்போன அந்த ஜாதியின் குணத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றரை வயதில் கூரியர் கொண்டுவந்த பையனின் கால்சட்டையைக் கிழித்தான். துணியோடு போயிற்று. மூன்றாம் வயதில், சோற்றுத் தட்டை நகர்த்தப் போன நம் கையையே பிடித்தான். போன தை மாதம் சென்னையிலிருந்து வந்த நம் மைத்துனர், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், "நாய்க்கு என்னைத் தெரியும்" என்று அவன் தலையைத் தடவப் போனார். நாய்க்கு அவரைத் தெரிந்திருக்கவில்லை. இரத்தம் வந்தது.

'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்று பழமொழி. இந்தப் பழமொழியைச் சொல்லும்போது நாம் எல்லோரும் 'காடு கொள்ளாது' என்ற இடத்தில்தான் அழுத்தம் கொடுக்கிறோம். 'மிரண்டால்' என்ற வார்த்தையை யாரும் கவனிப்பதில்லை. அதைக் கவனிக்க நமக்கு வெகு நாள் பிடித்தது.

மகாபாரதத்தின் முடிவில் தர்மபுத்திரர், தம்மோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று இந்திரனிடமே மறுத்துச் சொன்னார் அல்லவா? அன்றிரவு நம் சகதர்மிணி அதை ஞாபகப்படுத்தினாள். தர்மபுத்திரரின் பெருமையை நாம் குறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த நாய் யாரையும் கடித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. மேலும் இந்திரனுடைய ரதத்துக்கு ரயில்வே விதிகள் கிடையா. நம் ரயில்களில் நாயைக் கூட அழைத்துச் செல்ல இரண்டே வழி. ஒன்று, குளிர்சாதன முதல் வகுப்பில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுவதுமாக நாமே எடுத்துக்கொள்வது. மற்றொன்று, கார்டு வண்டியில் நாய்க்கென்று இருக்கும் பெட்டியில் அடைத்து அனுப்புவது. முதல் வழிக்கு நம் பணப்பை இடம் தரவில்லை. இரண்டாவதற்கு மனம் இடம் தரவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாலும், பச்சைக்குழந்தை வரப்போகும் வீட்டில், நான்காவது மாடியில், சாது!

உறவினர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தோம். நாய் என்று ஆரம்பிக்கும்போது அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், சாது என்றதும் திடீரென்று தங்களுக்கும் அதே மாதத்தில் வெளியூர்ப் பிரயாணம் இருப்பதை நினைவு கூர்ந்தார்கள். ஆடி மாதத்தில் ஆர்.கே.பேட்டை வட்டாரத்திலிருந்து இத்தனை பேர் யாத்திரை போவது நமக்கு அதுவரை தெரியாது.

கடைசியில் சென்னைக்கு வெளியே, நாய்களைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒரு நாள் விட்டுப் பார்க்கலாமென்று வாடகை வேன் வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனோம். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, தடுப்பூசி போட்ட தேதி என்றெல்லாம் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ கேள்வி: 'இதற்கு முன் யாரையாவது கடித்ததுண்டா?'

நாம் 'இல்லை' என்று எழுதினோம்.

இதைச் சமாதானம் சொல்லி மழுப்ப நாம் விரும்பவில்லை. 'உண்டு' என்று எழுதியிருந்தால் வேன் அப்படியே திரும்பியிருக்கும். பெண்ணின் முகம் கண்ணெதிரே நின்றது. ஒரு மாதந்தானே, கூண்டுக்குள்தானே இருக்கப்போகிறான், என்ன நடந்துவிடப்போகிறது என்று தோன்றிற்று. 'இல்லை' என்று எழுத மூன்று விநாடிகூட ஆகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெலிபோன் வந்தது. அங்கே வேலை செய்யும் பையன் ஒருவன், இருபது வயதுக்கு மேல் இராது, ஒரிஸ்ஸாப் பக்கத்திலிருந்து வந்தவன், காலிக் கிண்ணத்தை எடுப்பதற்காகக் கூண்டைத் திறந்து கையை நீட்டியிருக்கிறான். சாது பிடித்த பிடியில் வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவன் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தான். கடிவாயைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியிருந்தார்கள். இந்தக் காரியத்தை யாரோ தெரிந்தவர் உடனே செய்ய வைத்தது பெரும் புண்ணியம். வெறிநோய்க் கிருமியைக் கொல்லுவதில் மருந்துக்கு முன்னால் சோப்பும் தண்ணீருந்தான் என்று டாக்டர் சொன்னார். இரத்தம் வந்த காயமானதால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சத்து ஊசியும், அது தவிரக் கையில் தடுப்பூசியும் போட்டார்கள். சாதுவுக்கு வருஷந்தோறும் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று காகிதத்தை நீட்டினோம். "நல்லது. ஆனாலும் போட்டே தீரவேண்டும். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பாருங்கள். எச்சிலில் நோய் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் அதற்கே தெரிந்துவிடும்" என்றார். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அந்தப் பையனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

நம் இளம் பிராயத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் தேசத்தில் நின்றுபோயிற்று. 1885 ஜூலையில் பாரிஸில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் முதல் ஊசி போட்டதிலிருந்து, 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் பெயரால் நிலையம் ஏற்பட்டதுவரை, எத்தனையோ பேருடைய உழைப்பு அந்தப் பையனின் கையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அந்த உழைப்புக்கு வேலை வைத்தவர்கள் நாம்.

அவன் நம்மைப் பார்த்து அரைகுறைத் தமிழில் சொன்னான்: "ஸார், கடிக்கும் நாய் என்றால் வேறு கூண்டு இருக்கிறது. கையை உள்ளே விடவே வேண்டாம். எழுதியிருந்தால் அதில் விட்டிருப்போம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நமக்குத் தாங்கவில்லை.

மிருகத்தை ஜாக்கிரதையில்லாமல் வைத்திருந்து பிறருக்கு ஹானி உண்டாக்கினால், 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. அதே வருஷம் மே மாதத்தில் நுங்கம்பாக்கத்துப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறிய செய்தியைப் படித்து, 'இப்படிப்பட்டவர்களை உள்ளே தள்ளவேண்டும்' என்று திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். விடுதிக்காரர் வழக்குப் போடவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும், பையன் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் கொடுத்துவிட்டுச் சாதுவை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழி முழுவதும் அவன் நம் காலடியில் நடுங்கிக்கொண்டே வந்தான்.

பிரயாணத்தை ஒத்திப்போட முடியாது. நாயைக் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எங்கேயாவது மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். இந்த இரண்டாவது யோசனையைச் சொன்னவர் வெகு நல்ல மனிதர், ஜீவகாருண்யர். கடிக்கும் நாயை முகமறியாத ஊரின் குழந்தைகள் நடுவில் விடுவது எந்த வகைக் காருண்யம் என்பது நமக்கு விளங்கவில்லை.

பத்து நாள் கட்டுக்காவல் ஆரம்பமான அன்றே கால்நடை மருத்துவரிடம் போனோம். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னோம். நான்கு கடிகளையும், தேதியோடு. அவர் முதலில் காதையும் பல்லையும் மூட்டுகளையும் பார்த்தார். வலி இருக்கும் நாயும் கடிக்குமாம். வலி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, "நீங்கள் சொன்ன நாலு கடியிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறதே, பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாம் பார்க்கவில்லை.

"நாலு தடவையும் மனிதர்தான் நாயை நோக்கிப் போயிருக்கிறார். நாய் மனிதரைத் தேடிக்கொண்டு போகவில்லை. இது வீரமுள்ள நாயல்ல ஸார், பயந்த நாய்."

குட்டிப் பருவத்தில் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரையில்தான் ஒரு நாயின் மனத்தில் 'உலகம் நல்லது' என்பதோ 'உலகம் கெட்டது' என்பதோ பதிகிறதாம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சாது அந்த வாரங்களை எங்கே, எப்படிக் கழித்தானோ! நம்மிடம் வந்தபோது பாடம் முடிந்திருந்தது.

"கடிப்பதற்கு முன்னால் நாய் பல தடவை சொல்லிவிடும். உடம்பு விறைக்கும். தலையைத் திருப்பிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். பசியில்லாமல் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். வால் ஆடுகிறதே என்று நம்பக் கூடாது. இத்தனைக்கும் நாம் நகராவிட்டால்தான் உறுமும். உறுமல் என்பது அது அனுப்புகிற நோட்டீஸ். நோட்டீஸ் அனுப்பியதற்காக அதை அடித்தால், அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமலே ஜப்திக்கு வந்துவிடும். உறுமியதற்கு அடித்ததுண்டா?"

"எப்போதோ ஒரு தடவை" என்றோம்.

அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மேலே பேசினார். நாயைப் புது இடத்துக்குக் கொண்டுபோகாமல், நாய் இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு மனிதரைக் கொண்டுவாருங்கள் என்றார். மூன்று வாரம் வேண்டும், அவசரம் கூடாது, அந்த மனிதரிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்றார்.

அந்த மனிதர் எதிர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நம் தெருவில் எல்லோரும் அவளைப் பெத்தம்மா என்பார்கள். எழுபது வயது. கணவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. பிள்ளைகள் திருவள்ளூரில். ஒரு காலத்தில் ஆடு வளர்த்தவள். இப்போது நாலைந்து தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், தெலுங்கில் கேட்டால் தமிழில் சொல்வாள். 1960 ஏப்ரல் முதல் தேதிவரை எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தவை. எல்லைக்கோடு இடம் மாறிற்று. திண்ணைப் பேச்சு மாறவில்லை. சாதுவும் இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரன்தான். குட்டியாக இருந்தபோது தறி ஓட்ட வந்தவர் அவனோடு தெலுங்கே பேசுவார். ஆகவே சோற்றுக்குத் தமிழ், 'ரா', 'கூர்ச்சோ' என்ற உத்தரவுகளுக்குத் தெலுங்கு என்று அவன் வைத்துக்கொண்டிருக்கிறான்.

பெத்தம்மாவிடம் போய், கடிகள் நான்கையும் சொன்னோம். சென்னைப் பையனைப் பற்றியும், படிவத்தில் நாம் எழுதிய பொய்யைப் பற்றியும் சொன்னோம். அவள் தாரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னையும் கடிக்குமா, நாயனா?"

"கடித்தாலும் கடிக்கலாம், பெத்தம்மா."

ராட்டை நின்றது. "தை மாசத்தில் உன் மச்சான் கையில் துணி சுற்றிக்கொண்டு போனதை இங்கேயிருந்து பார்த்தேன். கேட்டதற்கு, கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று சொன்னாய். இன்றைக்கும் அப்படியே சொல்வாயா, மாற்றிச் சொல்வாயா என்று பார்த்தேன். சரி, பழக்கிப் பார்க்கலாம். சம்பளம் பேசிக்கொள்வோம்."

சம்பளம் பேசினாள், நன்றாகவே பேசினாள். கூடவே மருத்துவரின் யோசனைப்படி, கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைத் திருத்தணியில் நம் செலவில் அவளுக்குப் போட்டோம். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. "என் பிள்ளைகூட எனக்கு இத்தனை ஊசி போட்டதில்லை" என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கட்டுக்காவல் பத்து நாள் சுகமாக முடிந்தது. சாதுவுக்கு ஒரு குறையுமில்லை என்று ஆஸ்பத்திரிக்கும் பையனுக்கும் தெரிவித்துவிட்டோம். அதற்கு முன்பே பெத்தம்மாவின் பாடம் ஆரம்பமாகிவிட்டது. அது பாடம் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். கொல்லைக் கதவுக்கு இருபதடி தள்ளி ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து தார் சுற்றுவாள். சாதுவின் பக்கம் திரும்பமாட்டாள். அவ்வப்போது வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று அவள் கையிலிருந்து பறந்து அவன் முன்னால் விழும். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போய்விடுவாள். ஈரலும் நின்றுவிடும். முதல் நாள் குரைத்துக் குரைத்து அவன் தொண்டை கட்டிக்கொண்டது. நான்காம் நாள் அவள் வரும் நேரத்துக்குக் கதவண்டை வந்து நின்றான். ஆறாம் நாள், ராட்டைச் சத்தம் கேட்டதுமே அவன் வாயில் எச்சில் ஊறிற்று! ருஷ்யாவில் பாவ்லோவ் என்ற பேராசிரியர், ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர், சத்தத்துக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போட்டு நாய்களுக்கு எச்சில் ஊறவைத்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பெத்தம்மா அவரைப் படித்ததில்லை. ஆடு படித்திருக்கிறாள்.

ஒவ்வொரு நாளும் மணை ஓரடி நகர்ந்தது. ஒரு நாள் சாது உடம்பை விறைத்து உறுமினான். நாம் பதறி எழுந்தோம். அவளோ மணையை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒத்தா? சரே" என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தாள். வேண்டாமென்றால் சரி, அவ்வளவுதான். ஐந்து வருஷமாக நாம் அவனிடம் அப்படி ஒரு தடவை பின்வாங்கியதில்லை.

இதற்கிடையில் தச்சரைக் கூப்பிட்டு, கொல்லைக்கும் நடைக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கதவு போட்டோம். ஒரு கதவு திறந்திருக்கும்போது மற்றது சாத்தியிருக்கவேண்டும் என்பது விதி. அடியில் தட்டுப் போகும் அளவு சந்து. தட்டை உள்ளே தள்ளலாம். காலித் தட்டை ஒரு கொக்கியால் இழுத்துக்கொள்ளலாம். அந்தச் சந்தைப் பார்க்கும்போதெல்லாம் பையனின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. முந்நூறு ரூபாய் மரவேலை!

வாய்க்கூடு பழக்குவதுதான் நாம் செய்த பங்கு. பயிரில் வாய் வைக்காதபடி உழவுமாட்டுக்குப் போடுவார்களே, அதே தத்துவம்; நாய்க்குக் கம்பிக்கூடு போல் வருகிறது. துணிப்பட்டையால் வாயை இறுக்கிக் கட்டுவதும் உண்டு. அது இரண்டொரு நிமிஷத்துக்குத்தான் தகும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளவேண்டும். எங்கள் ஊர் வெயிலில் வாயைக் கட்டினால் மூச்சையே கட்டியது போலத்தான். கம்பிக்கூட்டுக்குள் கட்டித் தயிர்ச்சாதத்தைத் தடவி நீட்டினோம். மூஞ்சியை விட்டு நக்கினான். பத்து நாளில், கூட்டைக் கண்டதும் அவனே மூஞ்சியை நுழைத்தான். தயிரின் மகிமை!

இரண்டு ஒத்திகையும் நடந்தன. ஒரு நாள் சோளிங்கரில் தங்கினோம். சாது அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நாமும் நரசிம்மர் மலைமேல் நின்றுகொண்டு தரிசனத்தில் பாதியும் டெலிபோனில் பாதியுமாக இருந்தோம். அடுத்த வாரம் திருத்தணியில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் மாலை சாப்பிட்டான் என்று செய்தி வந்தது. நம் சகதர்மிணிக்கு இதில் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒரு முழுத்தாள் காகிதத்தில் சாதுவைப் பற்றி எல்லாம் எழுதினோம். குடை விரித்தால் மிரளுவான். தறிச் சத்தத்துக்குப் பயமில்லை, மின்சாரம் நின்று சத்தம் ஓய்ந்தால்தான் பதறுவான். சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது. குழந்தைகளை உள்ளே விடவே கூடாது. மீறிக் கடித்துவிட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும்; பணம் இந்த உறையில். மருத்துவரின் டெலிபோன் எண். நாம் வரும்வரை சிகிச்சை விஷயத்தில் பெத்தம்மா சொல்வதே நம் சொல் என்று ஒரு கையெழுத்து. வாசலில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை: 'கடிக்கும் நாய். மணியடித்து வெளியில் நிற்கவும்.' அந்தப் பலகையை எழுதியபோது, 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பொதுவாக எழுதினால் போதாதா என்று கை ஒரு கணம் தயங்கிற்று. பிறகு உள்ளதையே எழுதிற்று.

சென்னையில் ரயிலேறுவதற்கு முன் அந்தப் பையனைப் போய்ப் பார்த்தோம். நான்காவது ஊசியும் போட்டாயிற்று. உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு வடு. சுண்டுவிரல் முழுதாக மடங்கவில்லை. நாய் எப்படியிருக்கிறது என்று அவன்தான் முதலில் விசாரித்தான்.

புனாவில் நமக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தாத்தாக்கள் எழுதும் அந்த மாதிரிக் கட்டுரைகளை நேயர்கள் போதுமான அளவு படித்திருப்பீர்கள். தினம் மாலை ஆறு மணிக்குப் பெத்தம்மாவின் டெலிபோன் வரும். பதினோராம் நாள் இரவு அடுத்த தெருக் கலியாணத்தில் வெடி போட்டார்களாம். சாது தறிக்கொட்டகை மூலையில் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. "நீ கிட்டே போனாயா?" என்று கவலையோடு கேட்டோம். "எதற்குப் போகவேண்டும்? மரக்கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ராட்டையைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் அவனே வந்து, அந்தப் பக்கம் படுத்துக்கொண்டான்" என்றாள்.

முப்பத்திரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். சாது நம்மைக் கண்டதும் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவந்து, நம் சகதர்மிணியின் புடவையில் முகத்தைத் தேய்த்தான். ஒருவரையும் கடிக்கவில்லை. கொஞ்சம் பருத்திருந்தான். ஈரலின் கணக்கைப் பெத்தம்மா ஒப்பித்தபோது காரணம் விளங்கிற்று.

கணக்கு முடிந்ததும் நாம் எழுதிக் கொடுத்த காகிதத்தை நாலாக மடித்தபடி திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியாக எழுதியிருந்தாய், நாயனா. ஒன்று விட்டுப்போச்சு."

"என்ன?"

"நடை மூலையில் உன் கைத்தடி சாத்தியிருந்ததே. நீங்கள் போன மூணாம் நாள், பெருக்குவதற்காக அதை எடுத்தேன். அவன் அப்படியே தரையோடு தரையாகப் படுத்து மூத்திரம் பெய்துவிட்டான். அன்றைக்கே அதைக் கொண்டுபோய் என் வீட்டில் வைத்துவிட்டேன். அதற்கப்புறந்தான் நடைப்பக்கம் வந்தான்."

நம் சகதர்மிணி நம் முகத்தைப் பார்க்கவில்லை. நாம் மருத்துவரிடம் 'எப்போதோ ஒரு தடவை' என்று சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"தடியைக் கொண்டுவந்து கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள் பெத்தம்மா.

வேண்டாமென்றோம். முழங்கால் வலிக்கு வேறொரு ஊன்றுகோல் வாங்கவேண்டும் என்று நம் சகதர்மிணி சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதுவரையில் வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.